ஒரு சாண் காலி

செங்கல் அடுக்கின் மேல் மீன்தொட்டி.
அதற்குச் சற்றுக் கீழே ஜல்லி நிரப்பிய கீரைப்பாத்தி.
எல்லாவற்றுக்கும் கீழே, கராஜ் தரையில்,
நீலப் பீப்பாய்.

பீப்பாய் நீரை பம்ப் மீனுக்கு ஏற்றும்.
மீனிடம் வழிந்தது ஜல்லிக்குப் போகும்.
ஜல்லி நிறைந்ததும் சைபன் ஒரு மிடறு விழுங்கி
அத்தனையையும் பீப்பாய்க்கே திருப்பித் துப்பும்.
கால்மணிக்கு ஒருமுறை
வீட்டில் யாரோ தொண்டையைச் செருமுவது போலிருக்கும்.

நான் இரவில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.
மொலெஃபி பகலில் மினிபஸ் டாக்சியில்.
மெத்தையில் ஒரே பள்ளம்தான்,
ஒருவர் சூட்டில் மற்றவர் தூங்குகிறோம்.

ப்ளூம்ஃபொன்டைனில் அக்டோபர்.
மழை இன்னும் வாய் திறக்கவில்லை.
நாளுக்கு இரண்டு விரல்கடை தண்ணீர் காணாமல் போகிறது.
கசிவு என்றான். காகிதத்தால்
ஒவ்வொரு குழாய் மூட்டையும் ஒற்றிப் பார்த்தான்.
காற்று குடிக்கிறது என்றேன்.
இந்தச் சண்டையும் குளிர்பெட்டிக் கதவில்
துண்டுச் சீட்டுகளில்தான் நடந்தது.

என் நகப்பூச்சால் மீன்தொட்டியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.
ஒரு வாரம். மயிரிழை கூட இறங்கவில்லை.
நிம்மதியாக இருந்தோம்,
பம்ப் காற்றை உறிஞ்சி இருமும்வரை.
மேல்தொட்டி பொய் சொல்லாது.
எதையும் சொல்லவும் சொல்லாது.
வழியும் மட்டத்தில் அது எப்போதும் நிறைந்தேயிருக்கும்.
வீட்டின் குறையெல்லாம்
கீழே இருப்பதில்தான் குறையும்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும்
குளோரின் போக ஒருநாள் வைத்திருந்த தண்ணீர்
இரண்டு வாளி பீப்பாயில் ஊற்றினேன்.
இரவில் அவனும் இரண்டு வாளி.
அவனுக்கு அக்கறையில்லை என்று நான் நினைத்தேன்.
எனக்கு இல்லை என்று அவன்.
இருவர் கோபத்தையும்
விளிம்புவரை வாங்கிக்கொண்டது பீப்பாய்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மின்வெட்டு.
பம்ப் நின்றது.
ஜல்லிக்குள் நின்ற தண்ணீரெல்லாம்
சாவகாசமாக வீடு திரும்பியது.
பீப்பாயில் இடமில்லை.
கதவிடுக்கு வழியாக நடைக்கு வந்து,
கட்டிலிலிருந்து நழுவிக் கிடந்த
கல்யாணக் கம்பளியில் ஏறிப் படுத்துக்கொண்டது.
நான் கால் வைத்தேன்.

போனில் கேட்டேன்: நீ ஊற்றினாயா?
இரண்டு வாளி, என்றான்.
நானும்.
என்ஜின் உறுமியது. சில்லறை கைமாறும் சத்தம்.
பின்சீட்டில் ஒரு பெண்
மூலையில் இறங்கணும் என்று கத்தினாள்.
அவன் நிறுத்த மறந்திருக்க வேண்டும்.
இன்னொரு முறை கத்தினாள்.

ஞாயிறன்று பம்ப்பை நிறுத்தினோம்.
தண்ணீரெல்லாம் இறங்கி வந்து அடங்கக் காத்திருந்து
விளிம்புக்கு நான்கு விரல் கீழே நிற்கும்வரை மொண்டு வெளியே கொட்டினோம்.
அங்கே ஒரு கோடு.
பிறகு பம்ப்பை ஓடவிட்டோம்.
பாத்தி தன் பங்கை எடுத்து நிறைந்ததும்
பீப்பாய் ஒரு சாண் இறங்கி நின்றது.
அங்கே இன்னொன்று.
கோடுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை.
காலியாகக் கிடக்கிறதே என்று
மொலெஃபி வாளியைத் தூக்கினான்.
கையைப் பிடித்தேன்.
அது காலியில்லை,
கரண்ட் போனால் வருபவர்க்கு ஒதுக்கிய இடம்.

இப்போது சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது.
ஊற்றியவர் வாளிக்கு ஒரு கோடு.
திலாப்பியாக்கள் சரியாகத் தின்கின்றன,
செலரி மட்டும் இலை ஓரம் பழுக்கிறது,
ஏனென்று தெரியவில்லை.
இரண்டு விரல்கடை இன்னும் போகிறது.
கசிவுதான் என்கிறான்.

இன்று காலை அட்டையில்
ஒரு முழுக்கோடு, பக்கத்தில்
பாதியில் நிறுத்திய ஒரு குட்டைக் கோடு.
அரை வாளி எதற்கு?
ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.